நிற்கத் தெரிந்த கால்

இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள துர்ரஸ் துறைமுகத்தில் கிரேன்களின் மின்வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற பாண்டெலிக்குக் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. கீழ் வீட்டு உரானியின் கையால் ஒரு கோப்பைக் கசப்புக் காப்பி குடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால் சர்க்கரை போடாத காப்பி கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு, "இருக்கிறவங்க ஆயுசோட இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து வர வேண்டும். அந்தக் காப்பியைக் கொடுக்காமல் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், "இந்தச் சாவில் உனக்கும் கை இருக்கிறது" என்று சொன்னதாகத்தான் கணக்கு. உரானி பாண்டெலியை அப்படித் திருப்பி அனுப்பியது 1991ஆம் ஆண்டு வசந்த காலத்தில். அதற்குப் பின் இருபத்தாறு ஆண்டுகள் இருவரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாண்டெலி பிறந்தது 1941இல். அப்பா மீன் வலைக்காரர். பாண்டெலிக்குக் கடலைவிடக் கம்பிதான் பிடித்தது. பள்ளியை விட்டதும் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். துராதா என்ற தையற்காரியைக் கட்டிக்கொண்டார். ஒரு மகன். அரசாங்கம் கொடுத்த ஐந்து மாடிக் குடியிருப்பில் இவர்களுக்குக் கிடைத்தது உச்சி மாடி. கோடையில் வேகும், மழையில் ஒழுகும். ஆனால் கூரைக்குப் போகும் ஏணி இவர்கள் வாசலிலேயே இருந்தது. கூரையில்தான் ஆன்டெனா.

ஒரே கட்சி ஆண்ட அந்தக் காலத்தில் ஆன்டெனா கிழக்கே, மலையைப் பார்த்து நிற்க வேண்டும். மலை உச்சியில்தான் எங்கள் அரசாங்கத்தின் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. மேற்கே திருப்பினால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. யாரைப் பற்றியாவது "அவன் கடல் பக்கம் திரும்பினவன்" என்று யாராவது சொன்னால், சொன்னவரும் கேட்டவரும் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். திருப்பினால் மட்டும் படம் வந்துவிடாது. மத்தி மீன் டப்பாவுக்குள் இரண்டு டிரான்சிஸ்டரைப் பற்றவைத்து, ஆன்டெனாக் கம்பியின் நடுவே கோர்க்க வேண்டும். அதற்கு ஊரில் டப்பா என்றே பெயர். டப்பாவோடு பிடிபட்டால் வேலை போகும். பிடித்த ஆளின் மனநிலையைப் பொறுத்து, அதற்கு மேலும் போகும்.

பாண்டெலி தனக்கு ஒரு டப்பா செய்துகொண்டார். சனிக்கிழமை இரவு கூரையேறி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்புவார். விடிவதற்குள் மலைப் பக்கம் திருப்பிவிடுவார். ஒரு நாளும் மறந்ததில்லை.

அவர் பார்த்த நிகழ்ச்சியின் பெயர் ‘இரவுப் படகு’. அக்கரையில் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து காசில்லாத ஒரு தனியார் நிலையம் அதை ஒளிபரப்பியது. அரங்கம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு பழைய பயணிக் கப்பலின் ஆளில்லாத சாப்பாட்டுக் கூடம், அவ்வளவுதான். முகம் முழுக்க வெள்ளை பூசிய ஒருவன் மேசை விளக்கின் பின்னால் உட்கார்ந்து பேசுவான். துராதா அவனுக்கு மாவுமூஞ்சி என்று பெயர் வைத்தாள். அவன் அழைத்து வருகிற பாட்டுக்காரர்கள் வேறெங்கும் பார்க்க முடியாதவர்கள். ஒருத்தி தச்சு ரம்பத்தை வில்லால் இழுத்து அழ வைப்பாள். அண்ணன் தம்பி இருவர் தோட்டத்து ரப்பர்க் குழாய்க்குள் பாடுவார்கள். இன்னொரு கூட்டம் குளிர்பெட்டிக் கதவைச் சாத்திச் சாத்தித் தாளம் போடும். பாட்டுகளுக்கு நடுவே ஒரு தொடர்கதை. கரை சேராத ஒரு படகு, அதில் கோட்டுப் போட்ட பயணிகள். ஒவ்வொரு வாரமும் கடைசியில் மாவுமூஞ்சி பயணிகளில் ஒருவரின் பெயரை வாசிப்பான். அந்தப் பயணி அடுத்த வாரம் இருக்க மாட்டார். கரையில் இறங்கினாரா, கடலில் விழுந்தாரா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இவனைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது" என்பாள் துராதா.

"அணைச்சிரட்டுமா?"

"அணைச்சீங்கன்னா பாருங்க!"

தொடக்க இசை ஹார்மோனியத்தில் வரும். அதில் ஒரு விபரீதம் இருந்தது. ஏழு அடி நடந்துவிட்டு, எட்டாவது அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு மூச்சு வெறுமை, பிறகுதான் அடி விழும். சரி, பிடிபட்டது என்று நினைத்தால், அடுத்த சுற்றில் ஐந்தாவது அடியிலேயே நின்றுவிடும். முதல் தடவை கேட்பவர் எவரும் அந்த இரண்டு இடத்திலும் தடுக்கி விழுவார். பல வாரம் கேட்டவருக்கு மட்டுமே எங்கே நிற்பது என்று தெரியும்.

சனிக்கிழமைகளில் கீழ் வீட்டிலிருந்து ஹரில்லா மேலே வருவார். பள்ளியில் பாட்டு வாத்தியார். மெலிந்த உடம்பு, எப்போதும் நெஞ்சோடு அணைத்த அக்கார்டியன். அடுப்படித் தண்ணீர்க் குழாயை பாண்டெலி கரண்டியால் தட்டுவதுதான் அழைப்பு. ஏழு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு தட்டு. ஹரில்லாவின் மனைவி உரானி மட்டும் வர மாட்டாள். "எனக்குத் தூக்கம் பெருசு. இவருக்குத்தான் பேயைப் பார்க்காம தூக்கம் வராது" என்று போர்வையை இழுத்துக்கொள்வாள். குழாய்ச் சத்தம் மட்டும் வாராவாரம் அவள் காதில் விழும்.

"பகல் பூரா பிள்ளைங்களுக்கு இடது வலது, இடது வலதுன்னு வாசிக்கிறேன் பாண்டெலி" என்பார் ஹரில்லா. "இங்க வந்தாத்தான் ஒரு கால் குறையுது. நிம்மதியா இருக்கு."

1986ஆம் ஆண்டு செப்டம்பரில், குடியிருப்புக் குழுத் தலைவர் பெத்ராச் தன் மகளின் கல்யாணத்தைக் கட்டிட முற்றத்தில் வைத்தார். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் ஜன்னலில் எத்தனை மணி வரை வெளிச்சம் என்பதையெல்லாம் மேலிடத்துக்குச் சொல்வது பெத்ராச்சின் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கல்யாணத்துக்கு எல்லோரும் சொந்தபந்தத்தோடு வந்தார்கள். தார்ப்பாய்ப் பந்தல், பலகை மேசைகள், ஆட்டுக்கறி, குடம் குடமாக ராக்கிச் சாராயம். வாசிக்க ஹரில்லா. விளக்குக்கு பாண்டெலி.

ராக்கி நான்கு சுற்றுப் போயிருந்தது. ஆண்கள் கைகோத்து வரிசை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஹரில்லா, ஆடிக்கொண்டிருந்த மெட்டை அப்படியே வளைத்து, இரவுப் படகின் தொடக்க இசைக்குள் நுழைந்துவிட்டார்.

அது பைத்தியக்காரத்தனம் என்று இன்று தோன்றும். அன்று ஹரில்லாவுக்கு அது பத்திரமான குறும்பாகவே பட்டிருக்க வேண்டும். இந்த ஊரில் இத்தாலிய நிகழ்ச்சியைப் பார்ப்பவர் யாரும் இல்லை. பெத்ராச் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது அது, எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொள்வதும் அது. யாருமே பார்க்காத ஒன்றின் மெட்டை யாருக்குத் தெரியும்? தெரிந்தவன் தெரியும் என்று எப்படிச் சொல்வான்? இப்படி நம்பிக் கெட்டவர்கள் எங்கள் நாட்டில் மட்டும்தான் இருந்திருப்பார்கள்.

பந்தலின் ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததால் பாண்டெலி ஏணிமேல் நின்றிருந்தார். தார்ப்பாய் தொய்ந்து அவர் கண்ணுக்கு நேரே தொங்கியது. அதற்குக் கீழே ஆடுகிறவர்களின் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டும்தான் தெரிந்தது. மெட்டு மாறியதும் அவர் கையிலிருந்த குறடு அப்படியே நின்றது. ஏழு அடி. வரிசை முழுக்க எட்டாவது அடியை ஓங்கி மிதித்துத் தடுமாறியது, ஒரே சிரிப்பு. அடுத்த சுற்று ஐந்து அடி, மறுபடி தடுமாற்றம், இன்னும் பெரிய சிரிப்பு. ஆனால் வரிசையில் ஒரு ஜோடிக் கால் தடுமாறவில்லை. இரண்டு தடவையும் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. நின்று, சரியான இடத்தில் விழுந்தது.

கறுப்பு ஷூ. அந்த வருடம் ஊர்க்கடையில் ஆண்களுக்கு வந்திருந்தது ஒரே மாதிரி ஷூ. வரிசையில் இருந்த எல்லோர் காலிலும் அதுதான். பாண்டெலியின் காலிலும் அதுவே. அவர் இறங்கி ஓடி வருவதற்குள் ஹரில்லா வேறு பாட்டுக்குப் போய்விட்டார்.

"என்ன வேலை பண்ணினே நீ?" என்று காதோரம் கடிந்தார் பாண்டெலி.

"யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே" என்று கண்ணடித்தார் ஹரில்லா.

அடுத்த வாரம் பள்ளி விட்டு வரும் வழியில், தார்ப்பாய் மூடிய ஒரு ஜீப்பில் ஹரில்லாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிரி நாட்டு நிகழ்ச்சியின் இசையை மக்களிடையே பரப்பினார் என்பது குற்றம். சாட்சி ஒருவர் அந்த இசையை அடையாளம் காட்டியதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. சாட்சிக்கு அந்த இசை எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவும் இல்லை. எட்டு ஆண்டு. வடக்கே ஒரு செம்புச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் செத்துப்போனார் என்று ஒரு வரிச் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை.

பாண்டெலியை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு இரவும் ஜீப் சத்தத்துக்குக் காத்திருந்தார். டப்பாவை உடைத்துத் துறைமுகத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்தார். ஜீப் வரவே இல்லை. எங்கே பார்த்தாய், யாரோடு பார்த்தாய் என்று அத்தனை நாள் கேட்டும் ஹரில்லா வாய் திறக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. பாண்டெலிக்கு அது புரிந்தது. உரானிக்கு வேறு மாதிரி புரிந்தது.

ஆட்சி விழுந்து, சாவுக்கு வருவதற்கே பயந்த காலம் முடிந்து, 1991இல் அவள் கதவைத் திறந்து வைத்துக் கசப்புக் காப்பி போட்டபோது, பாண்டெலியும் துராதாவும் இறங்கிப் போனார்கள். வாசலில் உரானியின் தம்பி வான்ஜெல் நின்றிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் அவள்.

"உன் வீட்டுலதான் பார்த்தார். உன் டப்பாவுலதான் பார்த்தார். அவரைக் கொண்டுபோனாங்க, உன்னை ஏன் தொடல?" என்று கேட்டாள்.

பாண்டெலி அந்தக் கால்களைப் பற்றிச் சொன்னார். கறுப்பு ஷூவைச் சொன்னார்.

"கறுப்பு ஷூவாம்! ஊரே கறுப்பு ஷூதான். நீயும்தான்."

"போதும்யா, நடிக்காம ஏறிப் போ" என்றான் வான்ஜெல். கதவு மூடியது.

துராதா சாகும்வரை அந்தக் கதவைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே போனாள். குற்றம் செய்யாதவர்களும் அப்படி நடக்கப் பழகிவிட்டால், பார்ப்பவர்களுக்குக் குற்றவாளி மாதிரியேதான் இருக்கும். பாண்டெலியின் மனதில் இருந்த முகம் பெத்ராச்சின் முகம். வரிசையின் நடுவில் ஆடியவர் அவர். வேலையும் அவருடைய வேலை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

காலம் போனது. மகன் இத்தாலிக்கே போய் பாரி நகரில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறான். உரானிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. வான்ஜெல்தான் காரில் கூட்டிப் போவான், கூட்டி வருவான். அவள் வீட்டுச் சாவி ஒன்று அவன் வளையத்தில் தொங்கியது. முழங்கையைப் பிடித்தபடியே நடத்துவான். யாராவது நலம் விசாரித்தால் அவள் வாயைத் திறப்பதற்குள் இவன் பதில் சொல்லிவிடுவான். பாண்டெலி எதிரே வந்தால் அந்தப் பிடி இறுகுவதை பாண்டெலி பலமுறை கவனித்திருக்கிறார்.

இதற்கிடையில் ஊருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. டப்பாக் காலத்தின் நினைவு எல்லோருக்கும் இனிக்கத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் எல்வானா என்ற பெண் மதுக்கடை திறந்து, அதற்கு ‘டப்பா’ என்றே பெயர் வைத்தாள். மத்தி மீன் டப்பாக்களில் துளை போட்டு விளக்காகத் தொங்கவிட்டாள். பழைய இத்தாலிய நிகழ்ச்சிகளை முற்றத்துச் சுவரில் காட்டுவாள். அன்று எதையுமே பார்க்காதவர்கள் எல்லாம் இன்று எல்லாவற்றையும் பார்த்தவர்களாகிவிட்டார்கள்.

2017 ஆகஸ்டில் எல்வானா மாடியேறி வந்தாள். "பாண்டெலி மாமா, இரவுப் படகு கிடைச்சிருச்சு! அந்த நிலையத்துல ஒலிப்பதிவு பண்ணினவரோட மகள் பரண்ல வச்சிருந்தாளாம். ஒரே ஒரு வாரத்து நாடா. புதன்கிழமை போடறேன். நீங்க முன்வரிசையில உட்காரணும்."

கூரையில் பழைய ஆன்டெனாவின் துருப்பிடித்த கொம்பு காற்றில் கிறீச்சிட்டது. பல ஆண்டுகளாக அதை யாரும் திருப்புவதில்லை. காற்றே திருப்புகிறது.

"கடைசி வரிசையில ஒரு நாற்காலி போடும்மா" என்றார். "பெத்ராச் வருவாரா?"

"வராமலா? தொண்ணூறு வயசுல ஊர்வலம் மாதிரி வருவார். உரானி அத்தையும் வராங்க."

"உரானியா?"

"நான் சும்மாதான் சொன்னேன். ‘அந்தப் பாட்டுக்கு ஒரு மூஞ்சி உண்டாமே, அதை ஒரு தடவை பார்க்கணும்’னாங்க. அவங்க தம்பிக்குத்தான் மூஞ்சி செத்துப்போச்சு."

புதன்கிழமை இருட்டியதும் முற்றம் நிரம்பியது. பெத்ராச் முதல் வரிசையில், கைத்தடியைக் கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"நான் தலைவரா இருந்தப்பவே இதைப் பார்த்தவன்டா! உங்களையெல்லாம் கண்டும் காணாம விட்டவன் நான்தான்!"

"ஆமா, கண்டதை எழுதி அனுப்பிட்டுக் காணாம விட்டீங்க" என்றார் பின்னாலிருந்து பாண்டெலி.

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் சிலர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

உரானி நடு வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். அவள் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வான்ஜெல். "அஞ்சு நிமிஷம்தான் அக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றவன், பக்கத்து ஆளிடம், "எங்க வீட்டு ஆன்டெனா கடைசிவரை மலையைத்தான் பார்த்துச்சு. இந்தக் கண்றாவியை நான் கண்ணால கண்டதில்லை" என்றான். இதைப் பல ஆண்டுகளாக, யாரும் கேட்காமலே சொல்லி வந்தான்.

பாண்டெலி சுவரைப் பார்க்கவில்லை. செருப்பு வார் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, நாற்காலிகளுக்கு அடியில் கால்களைப் பார்த்தார். இன்று எல்லாக் கால்களும் வெவ்வேறு. ரப்பர்ச் செருப்பு, விளையாட்டு ஷூ, பெண்களின் வார்ச்செருப்பு.

ஹார்மோனியம் தொடங்கியது.

அடுப்படியில் துராதா பூசணி விதை வறுக்கும் வாசனை வந்தது போலிருந்தது அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். கூட்டம் கைதட்டத் தொடங்கியது, கால்கள் ஆடின. ஐந்து, ஆறு, ஏழு.

முற்றமே தடுக்கி விழுந்தது. எட்டாவது அடியில் பெத்ராச்சின் கைத்தடி டமாரென்று தரையில் இறங்கியது. அடுத்த சுற்றில் ஐந்துக்குப் பிறகு மறுபடி டமார். கிழவருக்கு அந்த மெட்டு கொஞ்சமும் தெரியாது. அந்தக் கல்யாண இரவைத் தவிர அவர் அதை வாழ்நாளில் கேட்டதே இல்லை.

நடு வரிசையின் ஓரத்தில், பழுப்பு ஷூ போட்ட ஒரு கால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. நின்று, சரியான இடத்தில் விழுந்தது. ஐந்தாவது அடியிலும் அப்படியே.

பாண்டெலி மெல்ல நிமிர்ந்தார். ஷூவிலிருந்து காற்சட்டைக்கு, காற்சட்டையிலிருந்து தோளுக்கு. வான்ஜெல். அவன் சுவரையே பார்த்திருந்தான். தன் கால் ஆடுவது அவனுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் ஒரு பழைய சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்ததுதான் பாண்டெலிக்குப் பெரிய பயமாக இருந்தது.

உரானி மாவுமூஞ்சியைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் கையைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடா முடியும் இடத்தில் மாவுமூஞ்சி வழக்கம்போல ஒரு பெயரை வாசித்தான். பாதியில் படம் அறுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. வான்ஜெல் அக்காவை எழுப்பி, முழங்கையைப் பிடித்து, படியேற்றிக் கொண்டு போனான்.

பாண்டெலி வாய் திறக்கவில்லை. அன்று ஒரு ஜோடிக் காலைச் சாட்சியாகச் சொல்லித்தான் அவமானப்பட்டார். இன்றும் அவரிடம் இருந்தது ஒரு கால்தான். அதோடு, இந்த உலகத்தில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக இருப்பவன் அவன் ஒருவன். இதைச் சொல்லித் தான் நல்லவனாகி என்ன? இப்படியே நினைத்து நினைத்து விடியவைத்தார்.

காலை ஆறு மணி இருக்கும். அடுப்படித் தண்ணீர்க் குழாய் பேசியது. ஏழு தட்டு. ஒரு நிறுத்தம். பிறகு ஒரு தட்டு.

பாண்டெலி சட்டைப் பொத்தானைப் படியிறங்கிக்கொண்டே போட்டார். கதவைத் திறந்தது வான்ஜெல். கையில் கார்ச் சாவி.

"நீ எதுக்கு வந்தே?"

"கூப்பிட்டாங்க."

"யார் கூப்பிட்டா? அக்கா, இவனை நீ கூப்பிட்டியா?"

"உள்ள வாங்க பாண்டெலி அண்ணே" என்றாள் உரானி அடுப்படியிலிருந்து.

அவள் வெளியே போகிற உடையில் இருந்தாள். நீளக் கைப்பிடிப் பாத்திரத்தில் காப்பி பொங்கி வந்தது. மேசையில் இரண்டு கோப்பை. இரண்டிலும் ஊற்றினாள்.

"இது யாருக்கு, யாருக்கு?" என்று வான்ஜெல் சிரித்துக்கொண்டே கேட்டான். "எனக்கு எங்கே? சர்க்கரைகூட போடலையே?"

"இதுக்குச் சர்க்கரை போடறதில்லை." ஒரு கோப்பையை பாண்டெலியின் முன்னால் நகர்த்தினாள். "நேத்து என் கையைப் பிடிச்சுட்டிருந்தே. உன் விரல் ஆடுச்சு. நின்னுச்சு. மறுபடி ஆடுச்சு."

"பாட்டுன்னா விரல் ஆடாதா?"

"ஆடும். நிற்கத் தெரிஞ்சிருக்கக் கூடாது."

"என்ன அக்கா இது, ஊரே பார்த்த நிகழ்ச்சி…"

"நீ பார்க்கலைன்னு சொன்னே. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. நான் கேட்காமலே சொன்னே."

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வான்ஜெல் கார்ச் சாவியை விரலில் சுற்றினான், நிறுத்தினான். பேசியபோது குரல் உயரவில்லை.

"கல்யாணத்துக்கு மறுநாள் என் வீட்டுல சோதனை. என் டப்பாவை எடுத்து மேசைமேல வச்சாங்க. பொண்ணு அப்போ கைக்குழந்தை. ஒரு பேரு சொல்லு, இதை நாங்க பார்க்கலைன்னாங்க. முந்தின நாள்தான் மாமா அதை வாசிச்சிருந்தார். வேற எந்தப் பேரு வாயில வரும்?"

"எனக்குக் குழந்தையே பிறக்கலை" என்றாள் உரானி. "பிறக்கறதுக்கு அவரை விட்டு வைக்கலை."

"கொல்லுவாங்கன்னு நான் நினைக்கலை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்…" அவன் பாண்டெலியைத் திரும்பிப் பார்த்தான். "உன் பேரும் நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. மாமா உச்சி மாடிக்குப் போறது எனக்குத் தெரியாதா? ஒண்ணு போதும்னாங்க. அதனாலதான் நீ இங்க உட்கார்ந்து காப்பி குடிக்கிறே."

பாண்டெலி ஒவ்வொரு இரவும் காத்திருந்த அந்த ஜீப், இத்தனை ஆண்டும் இந்த மனிதனின் வாய்க்குள்தான் நின்றிருந்திருக்கிறது.

"என் வீட்டுச் சாவியை வச்சிட்டுப் போ" என்றாள் உரானி.

"இன்னைக்கு வியாழன்." அவன் மிகவும் மெதுவாகச் சொன்னான், பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல. "ஏழரைக்கு அங்கே இருக்கணும். அந்த மெஷின் உனக்காகக் காத்திருக்காது. சனிக்கிழமை? திங்கள்? யோசிச்சுப் பேசு அக்கா. கீழே காரை எடுத்து வைக்கிறேன்."

சாவியை வைக்காமலே போனான். படியில் அவன் காலடி இறங்குவது கேட்டது. ஒரே சீராக.

உரானி பாண்டெலியின் எதிரே உட்கார்ந்தாள். மற்றக் கோப்பையைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை.

"துராதாவுக்கும் இதைக் கொடுத்திருக்கணும்" என்றாள்.

"கொடுத்ததாவே இருக்கட்டும்."

பாண்டெலி கோப்பையை எடுத்தார். காப்பி நெருப்பாகச் சுட்டது. கசப்பு அடிநாக்குவரை போயிற்று. மண்டி தெரியும்வரை குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டிய வார்த்தை இத்தனை ஆண்டு தயாராக இருந்தது.

"இருக்கிறவங்க ஆயுசோட இருங்க."

"இருப்போம்" என்றாள் அவள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூலையில வேன் எப்ப வரும்?"

"ஏழுக்கு ஒண்ணு இருக்கு. மூணு தெரு நடக்கணும்."

"நடக்கலாம்."

"சாயங்காலம் பூட்டை மாத்திடறேன். சாமான் என்கிட்ட இருக்கு."

அவள் தலையசைத்தாள். அவர் கையைக் கொடுத்தார், முழங்கையைப் பிடிக்கவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். முற்றத்தில் நேற்றைய நாற்காலிகள் வரிசை குலையாமல் கிடந்தன.

வெளிவாசலை அடைத்தாற்போல் வான்ஜெலின் கார் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் கதவைத் திறந்தே வைத்திருந்தான். அவன் இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தபடி, கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக் காத்திருந்தான்.

காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம் இருந்தது. உரானி முதலில் போனாள். பாண்டெலி பின்னால் போனார். தெருவின் பாதி தூரம் வந்தபோது, பின்னால் கார்க் கதவு சாத்தப்படும் சத்தமும், சக்கரங்கள் மெல்ல உருளத் தொடங்கும் சத்தமும் கேட்டன. நடை வேகத்துக்கு மேல் போகாமல், அவர்களுக்குப் பின்னாலேயே.

"திரும்பாதீங்க அண்ணே" என்றாள் உரானி.

அவர் திரும்பவில்லை. நடந்தார்கள்.